வாக்குச்சீட்டில் மூன்றாவது கட்டம் வேண்டும்

மதிப்பிற்குரிய தேசிய வளர்ச்சி அமைச்சருக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சிங்கப்பூரின் தோ பாயோவில், கழகத்தின் மூவறை வீடொன்றில் குடியிருப்பவரின் மடல் இது. எங்கள் வட்டாரத்து அடுக்குமாடிப் புளோக்குகள் பலவற்றுக்கு 99 ஆண்டுக் குத்தகை 1960களின் கடைசியில் தொடங்கியது. 2030களின் பிற்பகுதியில் அவை 70 வயதைத் தொடும். அப்போது எங்கள் கதவைத் தட்டக்கூடியது, நாங்கள் காப்பிக்கடையில் 'வெர்ஸ்' என்று சொல்லும் திட்டம். 2018 ஆகஸ்டில் தேசிய தினப் பேரணியில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் அதை அறிவித்தார். ஏறத்தாழ 70 ஆண்டுப் பழமையான பேட்டைகளில் சிலவற்றை அரசு தெரிந்தெடுக்கும், குடியிருப்பாளர்கள் வாக்களிப்பார்கள், போதிய பேர் சம்மதித்தால் குத்தகை முடியும் முன்பே அரசு வீடுகளை வாங்கிக்கொண்டு, அந்த இடத்தில் புதிதாகக் கட்டும். முதல் இடங்கள் அடுத்த பத்தாண்டின் முற்பாதியில் வரக்கூடும் என்று சொல்லியிருக்கிறீர்கள். விதிகளை இப்போதுதான் வகுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவை முடிவாகும் முன்பே பேசிவிட வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றே. அந்த வாக்குச்சீட்டில் 'இடித்துக் கட்டலாம்', 'வேண்டாம்' என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒரு கட்டமும் இருக்கட்டும்: 'இருக்கும் புளோக்கை வைத்துக்கொண்டே விரிவாக்கிப் புதுப்பிக்கலாம்.'

இரண்டு கட்டங்கள் ஏன் போதாது என்பதற்குக் கணக்கே சாட்சி. 70 ஆண்டு கடந்த வீட்டில் மீதமிருக்கும் குத்தகை 29 ஆண்டு. 2019 மே மாதம் முதல் நடப்பில் உள்ள விதிப்படி, வாங்குபவரில் இளையவருக்கு 95 வயதாகும் வரை குத்தகை நீடித்தால்தான் மத்திய சேமநிதியை, அதாவது சம்பளத்திலிருந்து பிடித்துச் சேர்க்கும் ஓய்வுக்காலச் சேமிப்பை, முழு அளவுக்குப் பயன்படுத்தலாம். 29 ஆண்டு மீதமுள்ள வீட்டை அப்படி வாங்கக்கூடியவருக்கு 66 வயதாவது ஆகியிருக்க வேண்டும். 66 வயதில் பழைய வீடு தேடி அலைபவர் எத்தனை பேர்? குத்தகை 20 ஆண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் சேமநிதிப் பணத்தைத் தொடவே முடியாது. கையில் ரொக்கம் உள்ளவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். ஆண்டுக்கு ஆண்டு வாங்க வருவோர் குறைய, விலையும் இறங்கும். 99ஆம் ஆண்டில் வீடு கழகத்திடம் திரும்பிப் போக, நாங்கள் வெறுங்கையோடு நிற்போம். கேலாங் லோரோங் 3-இல் 191 தனியார் தரைவீடுகள் 2020 டிசம்பர் 31 அன்று அப்படித்தான் இழப்பீடின்றி அரசுக்குத் திரும்பின. பழைய வீடுகள் எல்லாம் மறுமேம்பாட்டுக்கு வரும் என்று எண்ணிப் பெரும்விலை கொடுத்து வாங்காதீர்கள் என்று 2017 மார்ச்சில் லாரன்ஸ் வோங், அன்று இதே அமைச்சின் பொறுப்பில் இருந்தபோது, வெளிப்படையாகவே எச்சரித்தார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

ஆனால் அதே நேர்மையோடு வாக்குச்சீட்டையும் பாருங்கள். 'வேண்டாம்' என்று குறியிடுபவர், தம் சேமிப்பு கண்ணெதிரே கரைவதற்கும் சேர்த்தே குறியிடுகிறார். அந்தப் பயத்தில் 'இடிக்கலாம்' பக்கம் சாய்வோர் பலராக இருப்பார்கள். வீட்டை விட மனமில்லாதவரும் அதில் அடங்குவர். ஒரு பக்கம் இழப்பும் மறுபக்கம் இடிப்பும் என்றால், எண்ணிக் கிடைக்கும் வாக்குகள் மக்களின் விருப்பத்தைச் சொல்லாது, அச்சத்தை மட்டுமே சொல்லும்.

இதை நன்றி மறந்தவனின் குரலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1960 பிப்ரவரி முதல் தேதி தொடங்கிய கழகம், முதல் ஐந்தாண்டுகளிலேயே 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டிக்கொடுத்தது. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ கம்பம் எரிந்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தபோது, அவர்களுக்குத் தலைக்கு மேல் கூரை கிடைத்தது இந்தக் கழகத்தால்தான். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் குடிசைகளிலும் கடைவீட்டு மாடித் தட்டிகளுக்குள்ளும் நெருக்கியடித்துக் கிடந்த தலைமுறைக்கு, குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் வீடு என்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை எங்கள் பெற்றோர் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். கழகம் கட்டிய முதல் புளோக்குகளான ஸ்டெர்லிங் சாலை 45, 48, 49 இன்றும் நிற்கின்றன. அவற்றின் கீழே நடக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

மூன்றாவது கட்டம் என்று நான் சொல்வது எங்கிருந்தோ இறக்குமதி செய்த யோசனை அல்ல. கழகமே அதைச் செய்து காட்டியிருக்கிறது. 1990களில் நடந்த முதன்மை மேம்பாட்டுத் திட்டம் இளைய அதிகாரிகளில் எத்தனை பேருக்கு நினைவிருக்குமோ தெரியவில்லை. மரின் பரேட், கிம் கியட், அங் மோ கியோ என்று பல பேட்டைகளில், ஆட்கள் குடியிருக்கும்போதே புளோக்கின் வெளிப்புறத்தில் கட்டுமானம் எழுப்பி, வீட்டுக்கு வீடு ஒரு சிறிய அறையோ கூடுதல் குளியலறையோ ஒட்டிச் சேர்த்தார்கள். தொழிற்சாலையில் முன்கூட்டியே வார்த்த குளியலறைகளைப் பாரந்தூக்கி தூக்கி வைத்தது. தூசியும் சத்தமும் பொறுக்க முடியாதவைதான், முணுமுணுப்பும் இருந்தது. ஆனால் வேலை முடிந்தபோது அதே வீடு, அதே அக்கம்பக்கம், ஓர் அறை கூடுதல். செலவில் பெரும்பங்கை அரசு ஏற்றது.

2001-இல் மின்தூக்கி மேம்பாடு தொடங்கியது. அதற்கு முன் பல புளோக்குகளில் மின்தூக்கி முதல், ஐந்தாம், ஒன்பதாம் மாடிகளில் மட்டுமே நிற்கும். ஏழாம் மாடிக்காரர் மூட்டுவலியோடு இரண்டு மாடி ஏற வேண்டும் அல்லது இறங்க வேண்டும். பழைய சுவருக்கு வெளியே புதுத் தண்டுகளை எழுப்பி எல்லா மாடியிலும் மின்தூக்கி நிற்கும்படி செய்த பொறியாளர்களும் உங்கள் ஆட்களே. சக்கர நாற்காலியில் இருந்த எத்தனையோ முதியவர்களுக்கு வெளியுலகத்தைத் திருப்பிக் கொடுத்த வேலை அது. அதைச் செய்தவர்களுக்கு, 70 வயதுப் புளோக்கை 99 வரைக்கும், முடிந்தால் அதற்கு அப்பாலும், நல்ல உடல்நிலையில் கொண்டுசெல்வது முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

பிரான்சில் இது இன்னும் பெரிய அளவில் நடந்திருக்கிறது. போர்தோ நகரின் கிரான் பார்க் பகுதியில் 1960களின் தொடக்கத்தில் கட்டிய மூன்று கட்டடங்கள், 10 முதல் 15 மாடி, மொத்தம் 530 வாடகை வீடுகள். அந்தக் காலத்துக் கட்டடங்களை இடிப்பதையே பிரான்ஸ் வழக்கமாகக் கொண்டிருந்தது. ஆன் லகாத்தோன், ஜான் பிலிப் வசால் ஆகிய கட்டடக் கலைஞர்கள் ஃபிரெடரிக் துருவோ, கிறிஸ்தோஃப் உத்தான் ஆகியோரோடு சேர்ந்து வேறு வழி பிடித்தார்கள். சுவரின் சின்னச் சன்னல்களை எடுத்துவிட்டு, கட்டடத்தின் முகம் முழுவதும் 3.8 மீட்டர் ஆழத்துக்குக் கண்ணாடி முன்கூடமும் பால்கனியுமாகப் புதிய அடுக்கொன்றைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வேலை நடந்தது இரண்டு வாரம் போல. குடித்தனக்காரர் யாரும் இடம்பெயரவில்லை, வாடகையும் ஏறவில்லை. 2019-இல் அந்தப் பணிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் மீஸ் வான் டெர் ரோஹே பரிசு கிடைத்தது. 2021-இல் லகாத்தோனுக்கும் வசாலுக்கும் பிரிட்ஸ்கர் பரிசு.

நம் வெயிலுக்கும் மழைக்கும் கண்ணாடிக் கூடம் சரிப்படாது. நமக்கு வேண்டியது நிழல், காற்றோட்டம், துணி காய ஓர் இடம், முதியவருக்குச் சறுக்காத குளியலறை, படுக்கையில் விழுந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண் படுக்க ஓர் அறை. இவற்றை வெளிப்புறமாகச் சேர்ப்பதற்கு வேண்டிய அனுபவம் நம்மிடமே இருக்கிறது.

சொல்லப்போகும் மறுப்புகளை அறிவேன். முதலாவது நிலம். 700 சதுர கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டிய தீவு இது. பத்து, பன்னிரண்டு மாடிப் புளோக்குகள் நிற்கும் இடத்தில் நாற்பது மாடி எழுப்பினால், வீட்டுக்காகக் காத்திருக்கும் இளந்தம்பதிகளுக்கு இடம் கிடைக்கும். இது உண்மையான வாதம். என் அண்ணன் மகளும் அந்த வரிசையில்தான் நிற்கிறாள். ஆனால் பழைய பேட்டைகளைக் கூர்ந்து பாருங்கள். புளோக்குகளுக்கு நடுவே தரையோடு பரந்து கிடக்கும் வண்டி நிறுத்துமிடங்கள் எத்தனை! அவற்றை ஓர் அடுக்குமாடி நிறுத்துமிடமாகச் சுருக்கி, மிஞ்சும் நிலத்தில் புதுப் புளோக் எழுப்புவதும் கழகம் பல இடங்களில் செய்ததுதான். பழையதை வைத்துக்கொண்டே வீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். நாற்பது மாடியின் எண்ணிக்கை அதில் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவு குறையும், அதற்கு ஈடாக என்ன மிஞ்சும் என்பதைக் கணக்கிட்டு எங்கள் முன் வையுங்கள். பார்த்து நாங்கள் முடிவு சொல்கிறோம்.

இரண்டாவது மறுப்பு, கட்டடத்தின் உடல்நிலை. காற்றிலுள்ள கரியமில வாயு பல ஆண்டுகளாக கான்கிரீட்டுக்குள் ஊறி, கம்பிக்குக் காவலாக இருக்கும் காரத்தன்மையைக் கெடுக்கிறது. பிறகு ஈரம் சேர்ந்ததும் கம்பி துருவேறி உப்பி, குளியலறைக் கூரையிலிருந்து சிமெண்ட் பாளமாக விழுகிறது. பழைய புளோக்குகளில் வசிப்போர் எல்லாருக்கும் தெரிந்த காட்சி. வீட்டு மேம்பாட்டுத் திட்டத்தில் இதைச் சரிசெய்து கொடுக்கிறீர்கள். குடிமக்களுக்கு அது இலவசமாகவும் நடக்கிறது. சில புளோக்குகள் அதையும் தாண்டித் தளர்ந்திருக்கலாம். அப்படியானால் இடிக்கத்தான் வேண்டும். உயிருக்கு ஆபத்தான கட்டடத்தைப் பாசத்துக்காக நிறுத்திவைக்க நான் கேட்கவில்லை. ஆனால் குடியிருப்புக் கட்டடங்களைப் பத்தாண்டுக்கு ஒருமுறை பொறியாளர் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த அறிக்கைகளை வாக்கெடுப்புக்கு முன்பே, எளிய மொழியில், அந்தந்தப் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒட்டுங்கள். எங்கள் புளோக் தாங்குமா தாங்காதா என்பதைத் தெரிந்துகொண்டு வாக்களிக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. 2007-இல் இந்தோனீசியா மணல் ஏற்றுமதியை நிறுத்தியபோது நம் கட்டுமானத் துறை பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. நிற்கும் ஒவ்வொரு புளோக்கும் நாம் ஏற்கெனவே விலைகொடுத்து வாங்கிய மணலும் கல்லும் இரும்பும் ஆகும்.

இப்போது, இதையெல்லாம்விட எனக்கு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கட்டடம் மட்டும் பிழைத்தால் போதாது.

டக்கோட்டா கிரசெண்டை நினைத்துப் பாருங்கள். கழகத்துக்கு முன் வீடு கட்டிவந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை 1958-இல் கட்டிய குடியிருப்பு. மறுமேம்பாட்டுக்காக 2016 முடிவுக்குள் குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். பலர் வாடகை வீட்டு முதியவர்கள். 2017 டிசம்பரில் நடுவிலுள்ள ஆறு புளோக்குகளை இடிக்காமல் வைத்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. நல்ல முடிவு, மகிழ்ந்தேன். ஆனால் அங்கு வாழ்ந்தவர்கள் போய் ஓராண்டு ஆகியிருந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து பார்க் ஹில்லும் அப்படியே. 1961-இல் திறந்த அந்தப் பெருங்குடியிருப்பை 1998-இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக்கினார்கள். பிறகு தனியார் நிறுவனமொன்று அதைப் புதுப்பித்தது. வண்ணம் பளிச்சிட்டது. ஆனால் நகரமன்றத்தின் வாடகை வீடுகளாக இருந்தவற்றில் பெரும்பகுதி விற்பனைக்குப் போனது. ஏழைத் தொழிலாளருக்காகக் கட்டிய வீடுகள் வசதியானவர்களின் வீடுகளாயின.

ஆகவே புதுப்பித்தல் என்று நான் சொல்லும்போது மனிதர்களோடு சேர்த்தே சொல்கிறேன். எங்கள் மாடியின் தாழ்வாரத்தில் மாவிலைத் தோரணமும் சீனப் புத்தாண்டின் சிவப்புத் தாளும் ஹரி ராயா விளக்கும் அடுத்தடுத்த வாசல்களில் தொங்குகின்றன. பக்கத்து வீட்டு மலாய் அக்கா என் பிள்ளைகளைப் பள்ளிவிட்டு வந்ததும் உட்காரவைத்துச் சோறு போட்டவர். எதிர்கோடி வீட்டுச் சீனத் தாத்தா நாள்தோறும் காலையில் துளசிச் செடிக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றுகிறார். இது தானாக விளைந்ததல்ல. 1989-இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கையைக் கொண்டுவந்து ஒவ்வோர் இனத்தவருக்கும் புளோக்குக்கு இத்தனை விகிதம் என்று வரம்பு வகுத்தபோது, இப்படிப்பட்ட அக்கம்பக்கத்தைத்தான் நீங்கள் விரும்பினீர்கள். அந்த வரம்பின் பாரத்தைச் சிறுபான்மையினர் அதிகம் சுமந்தார்கள். சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் தமிழர் ஒருவர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருவோர் குறைவு, விலையும் குறைவு. அதைத் தாங்கிக்கொண்டு கட்டிய உறவு இது. நாற்பது ஆண்டில் கூடியதை ஒரு வாக்கெடுப்பில் கலைத்துவிட்டு, புதுப் புளோக்கில் முதலிலிருந்து கூட்டிவிடலாம் என்று தயவுசெய்து எண்ணாதீர்கள்.

தங்ளின் ஹால்ட்டில் நடந்தது எங்கள் சமூகத்துக்கு நெருக்கமானது. மலாயா ரயில் நின்ற இடம் என்பதால் வந்த பெயர் அது. ரயில்வேயில் வேலை செய்த தமிழர்கள் வணங்கத் தொடங்கிய முனீஸ்வரன் கோயில் இன்றும் பக்கத்தில், காமன்வெல்த் டிரைவில் இருக்கிறது. 2014-இல் அந்தப் பேட்டையில் 31 புளோக்குகள், 3,480 வீடுகள் 'செர்ஸ்' எனப்படும், வாக்கெடுப்பு இல்லாத மறுமேம்பாட்டுக்குத் தெரிவாயின. மக்களுக்கு அருகிலேயே புது வீடு, புதிய 99 ஆண்டுக் குத்தகை. அக்கம்பக்கத்தார் சேர்ந்து வீடு தெரிவு செய்யவும் வழி இருந்தது. தாராளமான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் செர்ஸுக்குத் தகுதியானவை மொத்த வீடுகளில் 5 விழுக்காடு மட்டுமே என்றும், வெர்ஸ் அவ்வளவு தாராளமாக இருக்காது என்றும் நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

அந்தத் தாராளத்திலேயே விரிசல் தெரிந்தது 2022 ஏப்ரலில். அங் மோ கியோ அவென்யூ 3-இல் 562 முதல் 565 வரையிலான புளோக்குகள், 606 வீடுகள் தெரிவாயின. பழைய குத்தகைக்குரிய இழப்பீடு ஒரு பக்கம், புதிய 99 ஆண்டு வீட்டின் விலை மறுபக்கம். இடையிலுள்ள தொகையைக் கைப்பணத்திலிருந்து போட வேண்டியிருக்குமே என்று ஓய்வுபெற்றவர்கள் கலங்கினார்கள். 75 வயதில் கடன் வாங்க யார் போவார்? சில மாதம் கழித்து, 50 ஆண்டுக் குத்தகையில் மாற்று வீடு எடுத்துக்கொள்ளலாம் என்று வழி திறந்தீர்கள். மக்கள் சொன்னதைக் காதில் வாங்கினீர்கள், அதற்கு நன்றி. அந்த வழி அறிவிப்போடு முதல் நாளே வந்திருந்தால் எத்தனையோ முதியவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். வெர்ஸில் வாக்கெடுப்பு இருக்கிறது. இழப்பீடு எவ்வளவு, மாற்று வீடு எங்கே, அதன் விலை என்ன, பணம் போடாமலேயே அதே அளவு வீட்டுக்குப் போகும் வழி எது என்பவை வாக்களிக்கும் நாளுக்கு முன்பே ஒவ்வொரு வீட்டுக்கும் எழுத்தில் வந்துவிட வேண்டும்.

பெரும்பான்மை எவ்வளவு என்பதையும் யோசியுங்கள். தனியார் குடியிருப்புகளின் கூட்டு விற்பனைக்கு, பத்தாண்டு கடந்த கட்டடமானால், 80 விழுக்காடு சம்மதம் வேண்டும். வீட்டு மேம்பாட்டுத் திட்டத்துக்கு 75. வெறும் குழாய் மாற்றுவதற்கே முக்கால்வாசிப் பேர் தலையாட்ட வேண்டுமென்றால், வீட்டையே இழப்பதற்கு அதைவிடக் குறைவாக இருக்கலாகாது. சம்மதிக்காத மிச்சப் பேரில் பெரும்பாலோர் வயதில் மூத்தவர்களாகவும் தனியாக வாழ்பவர்களாகவுமே இருப்பார்கள் என்பது என் அச்சம். அவர்களுக்கென ஒரு தனி ஏற்பாடு விதியிலேயே எழுதப்பட வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் கீழே கடை வைத்திருப்பவர்களுக்கும் பேட்டையை விட்டுப் போகாமல் திரும்பி வரும் உரிமை வேண்டும். முடிவெட்டும் கடைக்காரருக்கும் சந்தையில் வெற்றிலை விற்கும் அம்மாவுக்கும் வேறு இடத்தில் அதே வாடிக்கையாளர் கிடைக்கமாட்டார்கள்.

மூன்றாவது கட்டத்தைச் சேர்த்தால் அதையே எல்லாரும் குறியிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. சில பேட்டைகள் இடித்துக் கட்டுவதையே விரும்பும். புது வீடும் புதுக் குத்தகையும் வேண்டும் என்று நினைக்கும் இளைய குடும்பங்கள் என் மாடியிலேயே இருக்கின்றன. அவர்கள் கேட்பதும் நியாயம். புதுப்பித்தலைத் தெரிவுசெய்யும் புளோக்குகளுக்குக் குத்தகையை நீட்டிக்க முடியுமா, எவ்வளவு கட்டணத்துக்கு என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது உண்மையான தெரிவாகும். குத்தகை நீளாத புதுப்பிப்பு, நான் முதலில் சொன்ன இறங்குமுகத்தைத் தள்ளிப்போடுமே தவிர மாற்றாது. நீட்டிப்பு அறவே முடியாது என்பது உங்கள் முடிவானால், அதற்கான காரணத்தைக் கணக்கோடு சொல்லுங்கள்.

வரைவு விதிகளை நான்கு மொழிகளிலும் வெளியிடுங்கள். வட்டாரத்துக்கு வட்டாரம், மாலை நேரத்தில், புளோக்கின் கீழ்த்தளத்திலேயே கூட்டம் வையுங்கள். இணையத்தில் படிவம் நிரப்பத் தெரியாதவர்கள்தான் இதில் அதிகம் பாதிக்கப்படப் போகிறார்கள். மூன்றாவது வழியைச் சோதித்துப் பார்க்க ஒரு பேட்டை வேண்டுமென்றால் தோ பாயோவிலிருந்து தொடங்குங்கள். தூசிக்கும் சத்தத்துக்கும் நாங்கள் தயார்.

இப்படிக்கு,
தோ பாயோ குடியிருப்பாளர் ஒருவர்